எரிந்த மலையும் ஆடிக் கிருத்திகை மழையும்

போன மாதம் எங்கள் சாலைப் பணியாளர் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஓய்வு பெற்றவர்களையும் கூப்பிட்டு ஒரு சால்வை போடுவார்கள். இப்போது வேலையில் இருக்கிற தம்பிகள் செல்போனை எடுத்துக் காட்டினார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் எந்த ஊரில் இடி, எங்கே பலத்த மழை என்று எல்லாம் அதிலேயே வந்துவிடுகிறது. மஞ்சள், ஆரஞ்சு என்று கலர் வேறு.

"உங்க காலத்துல இதெல்லாம் இல்லாம எப்படிண்ணா ரோட்டை மூடுவீங்க?" என்று ஒரு தம்பி கேட்டார்.

"ஒரு பாறையப் பார்த்து" என்றேன்.

கேலி செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள். நிஜம்தான் என்றதும், அப்படியானால் சங்க மலருக்கு எழுதிக் கொடுங்கள் என்றார்கள். நான் எட்டாவதோடு நிறுத்தியவன். ஆனாலும் கண்ணால் பார்த்ததை எழுத எனக்குப் பயமில்லை. என் அப்பன் முருகனை நினைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

எண்பதுகளின் ஆரம்பத்தில் சாலைப் பிரிவில் கேங்மேனாகச் சேர்ந்தேன். தாம்பரம், பல்லாவரம், ஊரப்பாக்கம் என்று எங்கே போடுகிறார்களோ அங்கே பள்ளம் அடைப்போம், ஓரத்துப் புல் செதுக்குவோம், தார் காய்ச்சுவோம். தார்ச் சூட்டில் செருப்பு ஒட்டிக்கொண்டு வராமல் வெறுங்காலோடு வீட்டுக்குப் போன நாள் உண்டு. சில வருஷம் கழித்து மேஸ்திரி ஆனேன். எனக்குக் கொடுத்தது மலையடிவார ரோடு. தாம்பரத்துப் பக்கத்தில் ரயிலில் போகிறவர்களுக்குத் தெரிகிற கரடுகளில் அது ஒன்று. பெரிய மலை என்று சொல்ல முடியாது. ஆனால் அதற்கும் ஒரு ஓடை உண்டு. வருஷத்தில் முக்கால்வாசி நாள் காய்ந்து கிடக்கும். அந்த ஓடை ரோட்டைத் தாண்டுகிற இடத்தில் ஒரு தரைப்பாலம். தரைப்பாலத்துக்கு அந்தப் பக்கம், கொஞ்சம் மேட்டில், எங்கள் முருகன் கோயில்.

ஓடை மலையை விட்டு வெளியே வருகிற வாயில், ரோட்டுக்குச் சற்று மேலே, நல்ல மணல் திட்டு ஒன்று விசிறி விரித்த மாதிரி பரந்து கிடக்கும். சுற்றிலும் புளிய மரம், நிழல். ஆடிக் கிருத்திகைக்கு அன்னதானப் பந்தல் அந்த மணலில்தான் போடுவார்கள். முப்பாட்டன் காலத்து வழக்கம். அடுப்புக் கல்லெல்லாம் நிரந்தரமாக அங்கேயே கிடக்கும். உட்கார்ந்து சாப்பிட மெத்தென்று இருக்கும், சிந்தினாலும் மணல் குடித்துவிடும். நானும் எத்தனையோ வருஷம் அங்கே சாம்பார் வாளி தூக்கியிருக்கிறேன். அந்த இடத்தைப் பற்றி நாங்கள் யாரும் வேறு மாதிரி யோசித்ததே இல்லை.

தொண்ணூறுகளின் முதல் பாதியில் ஒரு கோடையில் மலை எரிந்தது. யார் போட்ட பீடியோ, புதுப் புல் வரட்டும் என்று யார் வைத்த நெருப்போ தெரியாது. ஆள் உயரத்து மஞ்சம்புல், சூரை முள், காரைச் செடி எல்லாம் ரெண்டு நாள் நின்று எரிந்தன. குரோம்பேட்டை வரைக்கும் மொட்டை மாடிகளில் கரித்தூள் விழுந்ததாகச் சொன்னார்கள். அணைந்த பிறகு பார்த்தால் மலை மொட்டையடித்துக்கொண்ட மாதிரி கறுப்பாக இருந்தது.

எங்களுக்கு அப்போது உதவிப் பொறியாளராக இருந்தவர் கிரேஸ் மேடம். என்னைவிட வயதில் சின்னவர். தாம்பரத்திலேயே சர்ச்சுக்குப் போகிற குடும்பம், அப்பா வாத்தியார். அதற்கு முன்னால் நீலகிரிப் பக்கம் மலை ரோட்டில் வேலை பார்த்தவர். மொபெட்டில் வருவார், ஹேண்டில்பாரில் எப்போதும் ஒரு குடை தொங்கும். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. திட்டுவதற்குப் பதிலாகக் கேள்வி கேட்பார். "இந்தப் பள்ளம் போன வாரமும் இங்கதான் இருந்துதா மேஸ்திரி?" என்று கேட்டால் போதும், நமக்கு வியர்த்துவிடும். மதியம் எங்களோடு மர நிழலில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறப்பதற்கு முன்னால் கண்ணை மூடி ஒரு நிமிஷம் ஜெபம் செய்வார். அந்த நிமிஷம் எங்கள் கேங்கில் யாரும் பேச மாட்டோம். சாமி கும்பிடுகிறவர்களுக்கு இன்னொருத்தர் கும்பிடுவது புரியும்.

தீ அணைந்து சில நாளில் அவர் என்னையும் கேங்மேன் முனுசாமியையும் கூப்பிட்டு, "ஓடை வழியா மேல போயிட்டு வரலாம், கடப்பாரை எடுத்துக்குங்க" என்றார்.

முனுசாமி என் காதில், "இன்னா மேஸ்திரி, மேடம் மலைக்கு மேல ஜெபம் பண்ணப் போவுதா?" என்றான்.

"உனக்காகத்தான் முனுசாமி. ரொம்ப நாளா பாக்கி இருக்கு" என்று முன்னால் போய்க்கொண்டிருந்தவர் திரும்பாமலேயே சொன்னார். முனுசாமி கடப்பாரையைத் தோள் மாற்றிக்கொண்டு நடையைக் கூட்டினான்.

பாதி மலை ஏறியதும் மேடம் நின்றார். தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து எரிந்த மண்மேல் கொஞ்சம் ஊற்றினார். வெயிலில் வெந்து கிடக்கிற மண், உடனே உறிஞ்ச வேண்டும். உறிஞ்சவில்லை. சேப்பங்கிழங்கு இலையில் விட்ட மாதிரி முத்து முத்தாக நின்றது. அப்புறம் சாம்பலைப் போர்த்திக்கொண்டு சரிவில் உருண்டு ஓடியது.

"தண்ணி நின்ன இடத்தைக் கொஞ்சம் தோண்டுங்க."

முனுசாமி கடப்பாரையால் கிளறினான். மேல்தோலுக்குக் கீழே மண் பொடிப் பொடியாக, காய்ந்து இருந்தது.

"இன்னா மேடம் இது, மண்ணுக்கு மெழுகு தடவுனாப்ல கீது."

"கிட்டத்தட்ட அதேதான். செடி எரியும்போது அதுல இருக்கற பசை ஆவியா மண்ணுக்குள்ள இறங்கி ஒட்டிக்குது. இனிமே மழை பெஞ்சா உள்ள போகாது, மேலயே ஓடும். மண்ணைப் பிடிச்சுக்கிட்டு இருந்த வேரும் கருகிடுச்சு." பிறகு ஓடைக்குள் கையைக் காட்டினார். எப்போதோ மூடிப்போன கல்குவாரியின் கழிவெல்லாம் அதில்தான் கொட்டிக் கிடந்தது. உடைகல், சரளை, மண், இப்போது அதற்குமேல் முழங்கால் அளவு சாம்பலும் கரிக்கட்டையும். "ஓடுற தண்ணி இதை எல்லாம் சேர்த்துக்கிட்டா அதுக்கப்புறம் அது தண்ணி இல்ல. கான்கிரீட் கலவை மாதிரி ஆயிடும். கல்லு அதுல மிதந்து வரும். நான் ஒரு தடவை பார்த்திருக்கேன்."

"அப்ப ஐப்பசியில உஷாரா இருக்கணும் மேடம்" என்றேன்.

எங்களுக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். வெள்ளக் காவல் டியூட்டியும் அப்போதுதான் போடுவோம். அவர் தலையை ஆட்டினார்.

"ஐப்பசி வரைக்கும் இது காத்துக்கிட்டு இருக்காது. நாள் பூரா நசநசன்னு தூறினா எனக்குப் பயமில்ல, அது மெல்ல வடிஞ்சிடும். சாயந்தரம் மேற்கே கறுத்துக்கிட்டு வந்து கால் மணி நேரம் சாத்து சாத்துன்னு சாத்துதே, அந்த மழைதான். ஆனி ஆடியில வருமில்ல? முன்னாடியே மலை நனைஞ்சு ஊறியிருக்கணும்னு கூட அவசியமில்ல. காஞ்ச மலையிலேயே கிளம்பிடும்."

எங்கள் எல்லோருடைய தப்பும் எனக்கு அங்கேதான் புரிந்தது. எங்கள் செக்‌ஷனில் மழையைத் தினமும் காலையில் ஒரு தடவை அளப்போம். அளந்து எழுதிவிட்டு ஜாடியைக் கவிழ்த்துவிடுவோம். ராத்திரி முழுக்கத் தூறினாலும் சரி, ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தாலும் சரி, காலையில் ஜாடியில் இருக்கிற தண்ணீர் ஒன்றுதான். எவ்வளவு பெய்தது என்று கேட்டோமே தவிர, எவ்வளவு வேகமாகப் பெய்தது என்று கேட்டதில்லை. இப்போதைய தம்பிகளுக்கு இதை அழுத்திச் சொல்லுகிறேன். மலை எரிந்த வருஷம் வேகத்தைத்தான் கேட்க வேண்டும்.

மேடம் ஏற்பாடு செய்தார். பாதி மலையில், ஓடையை விட்டு நன்றாக விலகி, வெளியே துருத்திக்கொண்டு ஒரு மொட்டைப் பாறை இருந்தது. தரைப்பாலத்தில் நின்றால் அந்தப் பாறை தெளிவாகத் தெரியும். சாயந்தரம் மேகம் கட்டினால் முனுசாமி அங்கே போய் உட்கார வேண்டும். பக்கத்தில் நேர் சுவர் உள்ள ஒரு டின். டின்னுக்குள் அடியிலிருந்து ஒரு விரல் அகலத்தில் ஆணியால் கீறிய கோடு. மழை ஆரம்பித்ததும் வாட்சைப் பார்க்க வேண்டும். கால் மணிக்குள் தண்ணீர் கோட்டைத் தொட்டால் சிகப்புக் கொடியை விரித்து ஆட்ட வேண்டும். கால் மணி ஆகிவிட்டால் டின்னைக் கவிழ்த்து மறுபடி வைக்க வேண்டும். கீழே நான் கொடியைப் பார்த்ததும் தரைப்பாலத்தின் ரெண்டு பக்கமும் கயிறு கட்டி ரோட்டை மூட வேண்டும். யாரிடமும் கேட்கக் காத்திருக்கக் கூடாது.

"மழையில கொடி தெரியலன்னா மேடம்?" என்று கேட்டேன்.

"நல்ல கேள்வி." மேலே பாறையைப் பார்த்தார். "பாறை தெரியாத அளவுக்கு அங்க மழைன்னா, கொடி காட்டின மாதிரிதான். பாறை மறைஞ்சா மூடிடுங்க."

ஆனி மாதத்தில் ஒரு சாயந்தரம் பாறை மறைந்தது. மூடினேன். அரை மணி நேரம் நின்றும் ஒன்றும் வரவில்லை. அது வெறும் சாரல்தான், பனி மாதிரி இறங்கிப் பாறையை மறைத்திருக்கிறது. பஸ் டிரைவர் ஒருத்தர் இறங்கி வந்து, "இன்னா நைனா, ரோடு காஞ்சி கீது, கயிறு கட்டிகினு வெளாட்றியா?" என்று கத்தினார். கடைத்தெருவில் எனக்கு 'கயித்து மேஸ்திரி' என்று பேர் வைத்தார்கள். மேடத்திடம் போய்ச் சொன்னேன். "ரொம்ப சரியா செஞ்சீங்க" என்றார், அவ்வளவுதான். எனக்கு அதுவே தெம்பாக இருந்தது.

ஆடி பிறந்தது. அன்னதானப் பந்தல் வேலை ஆரம்பிக்க வேண்டிய நேரம். மேடம் கோயிலுக்கு வந்து, செருப்பை வெளியே விட்டுவிட்டு, அன்னதானக் குழுத் தலைவர் தெய்வசிகாமணி அண்ணனைப் பார்த்தார். ஒரு காலத்தில் அந்த மலையடிவாரத்து நஞ்சையெல்லாம் அண்ணன் குடும்பத்துடையது. பிறகு மனை போட்டு விற்றாலும் ஊரில் அவர் பேச்சுக்குத்தான் மரியாதை. நல்ல மனிதர், முன்கோபம் உண்டு.

"அண்ணா, பந்தல் போடற இடத்துல அவ்ளோ மணல் இருக்கே, எங்கேருந்து வந்துது?" என்று மேடம் கேட்டார்.

"இதென்னம்மா கேள்வி. ஓடை கொண்டாந்து போட்டது."

"அப்ப ஓடைக்கு அந்த இடத்துக்கு வழி தெரியும்."

அண்ணன் முகம் சிவந்துவிட்டது. "எங்க தாத்தா அங்க சோறு போட்டாரு, அப்பா போட்டாரு. ஒரு உசுருக்கு ஒண்ணு ஆனதில்ல. முருகன் இடத்தை மாத்தச் சொல்ல சர்ச்சுலேருந்து வரணுமாம்மா?"

மேடத்தின் முகம் மாறவில்லை. "தாத்தா காலத்துல மலை இப்படி எரிஞ்சிருந்துதாண்ணா?" என்று மட்டும் கேட்டார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். "ஏம்பா கயித்து மேஸ்திரி, நீ நம்ம ஆளா, ஆபீஸ் ஆளா?"

"ரெண்டும்தாண்ணா. மண்ணுல தண்ணி உருண்டு ஓடறத நான் கண்ணால பார்த்தேன்."

"நீ பார்த்தது இருக்கட்டும். சாமி பார்க்கட்டும். பூ போட்டுக் கேட்டுடுவோம்."

எங்கள் பக்கத்தில் அது வழக்கம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிகப்புப் பூ ஒரு பொட்டலம், ரெண்டும் ஒரே மாதிரி மடித்து சந்நிதியில் வைத்து, அடுத்ததாக உள்ளே வருகிறவர்களை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் பந்தல் அதே இடம், சிகப்பு வந்தால் மாற்றுவது என்று பேசிக்கொண்டோம். விளக்குப் போட உள்ளே வந்தது என் வீட்டுக்காரி சரோஜா. விஷயம் தெரியாமல், குருக்கள் சொன்னபடி ஒரு பொட்டலத்தை எடுத்தாள். வெள்ளை.

அந்த நேரம் என் மனசு பட்ட பாட்டை எழுத எனக்கு வார்த்தை போதாது. முருகன் வாக்கை நான் மீறினவன் இல்லை. மேடம் கண்ட மண்ணும் பொய் இல்லை. ரெண்டும் நிஜம் என்றால் நான் என்ன செய்ய?

மேடம் சந்நிதியைப் பார்த்துவிட்டு அண்ணன் பக்கம் திரும்பி, "அண்ணா, தப்பா நினைக்காதீங்க. சாமிகிட்ட நாம பந்தலைப் பத்திதானே கேட்டோம்?" என்றார்.

"ஆமா."

"பந்தல் அங்கேயே இருக்கட்டும். சாமி படம், விளக்கு, முதல் இலைப் படையல் எல்லாம் அங்கேயே வைங்க. ஜனங்க உக்கார்ந்து சாப்பிடறதைப் பத்திக் கேக்கவே இல்லையே. அதை மட்டும் கோயிலுக்குப் பின்னாடி மேட்டுல இருக்கற ரைஸ் மில் களத்துல வெச்சுக்கலாமா?"

குருக்கள் சிரித்துவிட்டார். அண்ணன் சிரிக்கவில்லை. முறைத்துக்கொண்டே, "சமையலும் களத்துல, பந்தியும் களத்துல. பந்தல்ல நான் உக்காந்துக்கறேன். யாரும் என்னை எழுப்பக் கூடாது" என்றார்.

வீட்டில் சரோஜா என்னை விடவில்லை. "சாமி என் கையால சொன்னதை அந்தம்மா வாயால மாத்திட்டாங்க, நீயும் பார்த்துக்கினு நின்ன" என்றாள். அந்த வருஷம் அவளுக்குக் கிருத்திகை முக்கியம். சித்திரையில் எங்கள் மகள் மஞ்சள் காமாலையில் படுத்து, பிழைப்பாளா என்று ஆகி, தேறி வந்திருந்தாள். அதற்குப் பால்குடம் வேண்டியிருந்தாள் சரோஜா. காப்புக் கட்டி விரதம் இருந்தாள்.

கிருத்திகை அன்று காலையிலிருந்தே புழுக்கம். இலை அசையவில்லை. மதியப் பந்தி களத்தில் நல்லபடியாக முடிந்தது. எல்லோரும், வெயிலாக இருக்கிறது, நிழல் போச்சு என்று குறைப்பட்டார்கள். சாயந்தரம் நாலு மணி வாக்கில் காவடிக்காரர்களும் பால்குடக்காரர்களும் தாம்பரம் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தார்கள். பம்பைச் சத்தம், அரோகரா சத்தம். நான் தரைப்பாலத்துக்கு இந்தப் பக்கம் சிகப்புக் கொடியோடு நின்றேன். கோயில் கரையில் இன்னொரு கேங்மேன் கயிற்றோடு நின்றான். மேடமும் அந்தக் கரையில் இருந்தார். முனுசாமி மேலே பாறையில். சின்னதாக அவன் சட்டை தெரிந்தது.

மேற்கே மலைக்குப் பின்னால் கறுத்தது. எங்கள் மேல் ஒரு சொட்டு இல்லை. திடீரென்று குளிர்ந்த காற்று ஒன்று மலையிலிருந்து இறங்கி வந்து முகத்தில் அடித்தது. அண்ணாந்து பார்த்தேன். மலை உச்சிக்கு மேலே சாம்பல் நிறத்தில் ஒரு திரை எழுந்து நின்றது. அது உச்சியைத் தாண்டி இந்தப் பக்கம் வழிந்தது. முனுசாமி எழுந்து நின்றதைப் பார்த்தேன். கொடியை எடுக்கிறானா என்று பார்ப்பதற்குள் அவனும் இல்லை, பாறையும் இல்லை.

முருகா என்று சொல்லிக்கொண்டு கயிற்றை இழுத்துக் கட்டினேன்.

முன்னால் வந்த காவடிக்காரர் கயிற்றில் வந்து முட்டி நின்றார். பின்னால் நூறு பேருக்கு மேல். வேண்டுதல் எடுத்தவர்களுக்குத் தெரியும், தோளில் ஏற்றிய காவடியைச் சந்நிதி சேரும் வரை தரையில் வைக்கக் கூடாது. தலையில் ஏற்றிய பால்குடமும் அப்படித்தான்.

"யோவ், மழையே இல்ல, அவுருய்யா கயித்த" என்று ஒருத்தர் கத்தினார்.

"மலையில இருக்குது."

"மலையில இருந்தா மலைக்குப் போய்க் கட்டு. கயித்து மேஸ்திரி புத்தியைக் காட்டறான் பாரு."

"சாமி காரியத்துல கை வைக்கிறான். வெளங்குவானா?"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள் சரோஜா. மஞ்சள் புடவை, தலையில் குடம், ரெண்டு கையும் குடத்தில். என்னை அப்படி அவள் பார்த்ததில்லை. "என் பொண்ணுக்காக எடுத்த குடம். நீயே மறிக்கிறியா?" என்றாள்.

"அஞ்சு நிமிஷம் நில்லு சரோஜா."

"ஊரு பார்க்குது."

"பார்க்கட்டும்."

அவள் குடத்தைக்கூட நான் தாங்கிப் பிடிக்க முடியாது. நான் காப்புக் கட்டவில்லை, டியூட்டியில் இருந்தேன். கொடியை ரெண்டு கையாலும் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்தக் கரையில் மேடம் பந்தலை நோக்கி ஓடுவதைப் பார்த்தேன். உள்ளே தெய்வசிகாமணி அண்ணன் சொன்னபடியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எழ மாட்டேன் என்று கையை ஆட்டினார். மேடம் அவரோடு வாதாடவில்லை. நேரே சாமி படத்துக்கு முன்னால் போனார், குனிந்து குத்துவிளக்கைத் தூக்கினார். அப்போது அவர் சொன்னதை அண்ணனே பிற்பாடு என்னிடம் சொன்னார்.

"நான் விளக்கை எடுத்துக்கறேன். படத்தை நான் தொட்டா உங்களுக்குச் சங்கடமா இருக்கும். நீங்க எடுத்துக்குங்கண்ணா."

சாமியைத் தனியாக விட்டுவிட்டு அவர் உட்கார்ந்திருக்க முடியுமா. படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். எரிகிற திரி அணையாமல் முந்தானையால் மறைத்துக்கொண்டு மேடம் முன்னால் நடந்தார். ரெண்டு பேரும் கோயில் மேட்டில் ஏறி நின்றார்கள்.

முதலில் வாசனை வந்தது. நனைந்த சாம்பல் வாசனை. அப்புறம் ஒரு சத்தம். டிப்பர் லாரியில் ஜல்லியைக் கொட்டினால் ஒரு சத்தம் வந்து நின்றுவிடும் அல்லவா, இது நிற்கவே இல்லை. பம்பைக்காரர் தானாக அடிப்பதை நிறுத்தினார். ஓடை வாயில் கறுப்பாக ஒரு சுவர் வந்தது. நான் அதைத் தண்ணீர் என்று சொல்ல மாட்டேன். தார்க் கலவை மாதிரி கெட்டியாக, முன்னால் பாறைகளைத் தள்ளிக்கொண்டு, மேலே கரிக்கட்டைகளும் வேர்க்கட்டைகளும் சவாரி செய்து வந்தன. ஆள் ஓடுகிற வேகம். பந்தல் கால்கள் கொஞ்ச தூரம் நின்ற வாக்கிலேயே நடந்து போயின, பிறகு கீற்றோடு மடிந்து உள்ளே போய்விட்டன. பெஞ்சு ஒரு தடவை மேலே வந்தது, அப்புறம் தெரியவில்லை. மணல் திட்டு முழுக்க அது பரவி, தரைப்பாலத்தில் இறங்கி, என் கயிற்றுக்கு அந்தப் பக்கம் தார் ரோட்டை மூடிக்கொண்டு போனது. காலுக்குக் கீழே ரோடு அதிர்ந்தது.

அதற்குப் பிறகுதான் எங்கள் மேல் மழை விழுந்தது.

கயிற்றை அவிழ்க்கச் சொன்னவர் காவடியோடு அப்படியே நின்றிருந்தார், வாய் மட்டும் சரவணபவ, சரவணபவ என்று முணுமுணுத்தது. சத்தம் அடங்கியதும் சிலர் தாண்டப் பார்த்தார்கள். அந்தக் கரையிலிருந்து மேடம் கையை நீட்டி, "இன்னும் வரும், நில்லுங்க" என்றார். அதைக் கேட்டு இப்போது எல்லோரும் நின்றார்கள். ரெண்டாவது தடவையும் வந்தது, முதலைவிடச் சின்னதாக.

மழை விட்டு, முனுசாமி பாறையிலிருந்து மேட்டு வழியாகச் சுற்றி இறங்கி வந்தான். உடம்பெல்லாம் கரி. "கொடிய ஆட்டிகினே இருந்தேன் மேஸ்திரி, தெரிஞ்சுதா?" என்று மூச்சு வாங்கக் கேட்டான்.

"தெரியல முனுசாமி."

"அப்ப எப்டி மூடுன?"

"அதனாலதான் மூடினேன்."

மேடம் ஓடையை ரொம்ப நேரம் பார்த்துவிட்டுத் தலையை அசைத்த பிறகு வழி செய்ய இறங்கினோம். இடுப்பளவு சேறும் கல்லும். மண்வெட்டி போட்டால் சேற்றில் ஒட்டிக்கொண்டு திரும்ப வரவில்லை. பலகையும் சாக்கும் போட்டு, கேங் முழுக்க ரெண்டு பக்கமும் வரிசையாக நின்று, காவடி சாயாமல் ஒவ்வொருத்தரையும் கை பிடித்துக் கடத்தினோம். ஒரு குடம் சிந்தவில்லை. சரோஜாவைக் கடத்தியது முனுசாமி. என்னைத் தாண்டும்போது அவள் நேராகப் பார்த்துக்கொண்டு போனாள்.

தெய்வசிகாமணி அண்ணன் கோயில் மேட்டில் நின்று பந்தல் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பந்தலும் இல்லை, அடுப்புக் கல்லும் இல்லை. மேடத்தின் பக்கம் திரும்பி, "முருகன் பந்தலைத்தாம்மா கேட்டான். எடுத்துக்கிட்டான்" என்றார்.

"ஆமாண்ணா" என்றார் மேடம். அவர் முழங்கால் வரை சேறு. அன்று அண்ணன் வற்புறுத்தி அவரை ரைஸ் மில் களத்தில் உட்காரவைத்துத் தன் கையாலேயே பரிமாறினார். மேடம் இலைக்கு முன்னால் கண்ணை மூடினார். அண்ணன் சாம்பார்க் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, அவர் கண்ணைத் திறக்கும் வரை காத்திருந்தார்.

நான் எங்கும் போகவில்லை. ரோட்டைத் திறக்கும் வரை மேஸ்திரி நகரக் கூடாது. வெளிச்சம் மங்குகிற நேரத்தில் சரோஜா காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கோயிலிலிருந்து திரும்பி வந்தாள். தலையெல்லாம் நனைந்து, மஞ்சள் புடவையில் கரித்திட்டு. என் கை முழுக்கச் சேறாக இருந்ததால் அவளே விபூதியை எடுத்து என் நெற்றியில் பூசினாள்.

"நிக்காம நடந்தே வரேன்னு வேண்டியிருந்தேன்" என்றாள். "வழியில அவ்ளோ நேரம் நின்னுட்டேனே, குறையாயிடுமோன்னு இருந்துது."

நான் கையில் இருந்த சேற்றைக் கயிற்றில் வழித்தேன்.

"சாமிகிட்ட சொல்லிட்டேன். நின்னதையும் வேண்டுதல்ல சேத்துக்கோன்னு." குடத்தை இடுப்பில் சரியாக ஏற்றிக்கொண்டாள். "உன்னுதையும் சேத்துதான் சொன்னேன்."